மடக்கி வைத்த கட்டில்கள்

ரத்தக்காரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊர் வைத்த பெயர் அது. மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் இந்தக் கூடத்தில் ரத்ததான முகாம் நடத்துகிறவள். இன்றும் முதல் ஞாயிறுதான். ஆனால் அவளைப் பாராட்டுவதற்காக எட்டுக் கட்டில்களையும் மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை. ஜன்னல் வெயில் அந்த இரும்புக் கால்களில் பட்டு, மேடையில் உட்கார்ந்திருக்கும் அவள் முகத்தில் அடிக்கிறது. மூன்றாவது வரிசையில் கொத்தனார் பழக்கதோஷத்தில் இடது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊசியைப் பார்த்தாலே மயங்கிவிடுவார். தெளிந்ததும், அடுத்த தடவை எப்போது என்று கேட்பார். இப்படிப்பட்ட ஆட்கள் கிடைக்க நான் கொடுத்துவைத்தவள், நன்றி சொல்ல வேண்டியவளும் நான்தான் என்று நினைத்துக்கொள்கிறாள். வாசலில், வழக்கம்போல் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் காலி ஐஸ் பெட்டியைத் திரும்ப வேனில் ஏற்றுகிறாள். மேடையில் சங்கத் தலைவர் மைக்கைத் தட்டுகிறார். “முப்பத்தொரு வருஷம். மழையோ புயலோ, ஒரு மாசம்கூட அக்கா முகாமை நிறுத்தினதில்ல.” கைதட்டல் கூரையை முட்டுகிறது. ரத்தக்காரக்கா தனக்குக் கொடுத்த கேடயத்தை நாற்காலியில் போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் போய், முதல் கட்டிலைத் தரதரவென்று இழுக்கிறாள். கைதட்டல் பாதியில் நிற்கிறது. பதறி ஓடிவரும் தலைவரை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அந்தப் பக்கத்தைப் பிடிங்க தலைவரே,” என்கிறாள். “நீங்க சொன்னது பொய்யாப் போயிடக் கூடாது.”