கலீல் ரகுமானின் மதியச் சாப்பாடு

கலீல் ரகுமான் பூந்தமல்லியில் வீட்டிலிருந்தபடியே புத்தக அட்டைகள் வடிவமைத்துக் கொடுப்பவன். நேரத்தை வீணடிப்பவர்களைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம். காலையில் அறைக்கதவைச் சாத்தினால் ஒன்றரை மணிக்குத்தான் வெளியே வருவான். நான்கு நிமிடத்தில் தின்றுவிட்டு, மனைவி ராபியா பேச வாயெடுப்பதற்குள் உள்ளே போய்விடுவான். சிக்கனத்துக்காக வீட்டில் ஒரு மின்விசிறிதான் ஓடும். அது அவன் அறையில்.

அன்று ஒன்றரைக்கு வந்தபோது அவன் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

“சோறு எங்க?”

“இப்பதான சாப்ட்டீங்க,” என்றாள் ராபியா. “அரமணி நேரம் பேசிகினு இருந்தீங்க. என் முட்டிக்கு நீங்களே தைலம் தேச்சி உட்டீங்களே.”

கூடத்தில் தைல வாசனை அடித்தது. கலீல் தன் கைகளை முகர்ந்து பார்த்தான். வாசனை இல்லை.

“அரமணி நேரம் வெட்டிப் பேச்சா?” என்று முகம் சுளித்துவிட்டுப் பசியோடு உள்ளே போனான்.

மறுநாள் ஒரு மணிக்குக் கூடத்தில் ராபியா சிரிப்பது கேட்டது. கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. கூடவே ஓர் ஆண்குரல். அது அவனுடைய குரல்தான்.

“வேல வெட்டி இல்லாதவன்,” என்று முணுமுணுத்தபடி கலீல் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.