அரக்கு வைத்த அறை

லெனின்கிராடில் அந்த வீட்டின் ஐந்து குடும்பங்களுக்கும் ஒரே சமையலறை. அதை ஒட்டிய சவேலியின் அறைக் கதவில் அரக்கு முத்திரை. அரசைக் கிண்டல் செய்து ஜோக் சொன்னதற்காக அவரை ரகசியப் போலீஸ் கொண்டுபோய், அறையைப் பூட்டி வைத்தது. கைதிகள் முகாமிலேயே செத்துவிட்டதாகத் தகவலும் வந்துவிட்டது.

அன்று காலை சமையலறையில் எல்லோரும் இருந்தபோது, அங்கே குடியிருந்த கிளாஃபிராவுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"ரொட்டி வரிசையில கடைசியா நின்னவன், 'முன்னால என்ன குடுக்குறாங்க?'ன்னு கேட்டானாம். 'தெரியலையே தோழா, முன்னால போனவன் எவனும் திரும்பி வரல'ன்னானாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தால் உடந்தை; கேட்டுவிட்டுப் புகார் சொல்லாவிட்டால் அதுவும் குற்றம்.

பூட்டிய அறைக்குள் சவேலி சிரித்தார். அவர் சிரிப்பேதான், கடைசியில் வரும் இருமலோடு.

"அடிப்பாவி, எங்களையும் சேத்துக் கொன்னுட்டியே!" என்றாள் பக்கத்து அறை நோன்னா.

மதியத்துக்குள் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ரகசியப் போலீஸ் அதிகாரி ஒரு சிப்பாயோடு வந்தார். முத்திரை அப்படியே இருந்தது. உடைத்துத் திறந்தார். உள்ளே கட்டிலும் தூசியும்தான். மறுபடி பூட்டி அரக்கு வைத்தார்.

"சிரிச்சது இருக்கட்டும். சொன்னது யாரு?"

எல்லாக் கண்களும் கிளாஃபிரா பக்கம் மெல்லத் திரும்பின. அவளுக்கு இரண்டு பிள்ளைகள்.

"நான்தான் சொன்னேன் தோழரே," என்றது பூட்டிய அறை. "ரொட்டி வரிசையில கடைசியா நின்னவன்..." என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்லி முடித்தது.

அதிகாரி முகம் மாறாமல் சவேலியின் பெயரை எழுதி, "இன்னும் பத்து வருஷம்" என்றார். பின்னால் நின்ற சிப்பாய் சிரிப்பை அடக்கிக் கண்ணில் நீர் முட்ட, தன் கையுறையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.