ஒன்பது செகண்ட்

மதிய வெயில் திரைச்சீலை இடுக்கு வழியே ஒலிக்கூடத்து மேஜைமேல் கோடாக விழுகிறது. அங்கே கிடக்கும் ‘தலைசிறந்த பாடல்கள்’ தொகுப்பின் மாதிரி அட்டையில், போன வருடம் செத்துப்போன ப்ராக்ரஸிவ் ராக் கிதார்க்காரர் முறைத்துக்கொண்டிருக்கிறார். அதில் சேர்ப்பதற்காக அவருடைய இருபத்திரண்டு நிமிடப் பாட்டை நாலு நிமிடமாக நறுக்கி ஓடவிடுகிறார் ஒலிப்பதிவாளர். கிதார்க்காரரின் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு கேட்கிறாள். “நடுவுல ஒன்பது செகண்ட் சத்தமே இருக்காது. அது எங்க?” “அது சும்மா காலியாதானேம்மா இருந்துச்சு, தூக்கிட்டேன்.” “அந்தக் காலி இடத்துக்காக மூணு மாசம் வீட்டுல யாரையும் தூங்கவிடலை அந்த மனுஷன்.” “இப்பல்லாம் அவ்வளவு நேரம் யாரும்மா பொறுமையா கேக்கறாங்க?” அவள் கையை நீட்டிப் பாட்டை நிறுத்துகிறாள். ஏசியின் உறுமல் மட்டும் கேட்கிறது. ஒலிப்பதிவாளர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். “இன்னும் அஞ்சு செகண்ட் இருக்கு,” என்கிறாள்.