1,412-வது அறிவிப்பு

“பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகலைன்னு உங்கம்மா கேக்கலையா?” என்று எதிர்வீட்டு நசீமா அக்கா ஒருமுறை கேட்டாள்.

அம்மா விமானி. பறக்கும் நாளில் மூவாயிரம் அறிவிப்புகளை வீட்டிலேயே திரையில் படித்து முடிக்க வேண்டும். எங்கோ ஓடுபாதையோரம் புல் வெட்டுகிறார்கள், எங்கோ கிரேன் விளக்கு எரியவில்லை. விமானியின் மனதைப் பாதிக்கக்கூடிய வீட்டுச் செய்திகளும் அதிலேயே வரும். ‘விமானியின் மகள் பள்ளிக்கு வருவதில்லை’ என்பது 1,412-வது. ஒன்பது நாளாக அம்மா எல்லாவற்றையும் படித்துவிட்டதாகக் கைரேகை வைக்கிறாள்.

இன்று காலை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, என்னப் பத்தி ஒண்ணு வந்திருக்கே, பாத்தியா?”

“எல்லாம் பாத்தாச்சுடி. பேசாத, திரையிலேர்ந்து கண்ணு நகந்தா முதல்லேர்ந்து வரும்.”

1,412 வந்ததும் திரையைக் கையால் மறைத்தேன். அது முதல் அறிவிப்புக்குத் திரும்பியது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடியும் புல் வெட்டுவதிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை அவள் கண்கள் 1,412-ஐயும் நிற்காமல் கடந்து போனதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். படித்து முடித்ததும் கைரேகை வைத்தாள். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.