மின்விசிறிக்கு ஒரு முந்திரி

சுவரில் பதித்திருந்த பயிற்சி இயந்திரம் கறாரான வியாபாரி. ஆட்டிசம் உள்ள இதழினி அம்மாவின் முகத்தைப் பார்த்தால்தான் "சபாஷ்!" என்று ஒரு முந்திரியைத் தள்ளும். இதழினி அதற்கும் மேல். ஒரு பார்வை பார்ப்பாள், முந்திரியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, சுழலும் மின்விசிறிக்குத் திரும்பிவிடுவாள்.

"முந்திரிக்குத்தாங்க பாக்குறா. எனக்காக ஒரு தடவை பாக்க மாட்டாளா?" என்று கணவனிடம் புலம்பிய செண்பகவடிவு, அலுத்துப்போய் மகளுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று அவளும் மின்விசிறியைப் பார்த்தாள். இறக்கைகள் கரைந்து ஒரே வட்டமாகின. அழகாகத்தான் இருந்தது.

ஒரு சின்னக் கை அவள் வாயில் முந்திரியைத் திணித்தது.

"சபாஷ்!" என்றாள் இதழினி, அம்மாவின் முகத்தைப் பார்த்து.

"இன்னொண்ணு குடுடி, தங்கம்."

இதழினி கறாராக மேலே கைகாட்டினாள்.