மருந்து இல்லாத நாள்

சீனப் புத்தாண்டு காலையில் கிட்-யிங் தன் அலமாரியைத் திறந்தாள். காலுறைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த மாத்திரை டப்பாவைக் காணோம்.

சமையலறைக்கு ஓடினாள். அப்பாவின் பிரஷர் மாத்திரை, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, தைலம் உட்பட எல்லாமே மாயம்.

"வீட்டுல இருந்த மருந்தையெல்லாம் எடுத்து மறைச்சிட்டேன்" என்றாள் அம்மா, ஆரஞ்சுப் பழங்களை அடுக்கியபடி. "இன்னிக்கு மருந்து கண்ணுல பட்டா வருஷம் பூரா சீக்குதான்."

"அம்மா, இது டொராண்டோ."

"ஏன், டொராண்டோவுல சீக்கு வராதா?"

கிட்-யிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீனர்களுக்கான நலவாழ்வு மையத்தில் மருத்துவக் குறிப்புகளைச் சீனத்தில் எழுதுவதுதான் அவள் வேலை. டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறாள். வீட்டில் அம்மா அந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து மீன் முள் துப்புகிறாள்.

"என் ரூம்லயும் எடுத்தியா?"

"எல்லா ரூம்லயுந்தான். ஏன், நீ ஏதாவது மருந்து சாப்பிடுறியா?"

"இல்லையே."

அது மனச்சோர்வுக்கான மாத்திரை. எதிர்வீட்டுப் பையன் அந்த மாதிரி மாத்திரை சாப்பிடுவது தெரிந்ததும், 'மண்டை கழண்ட கேஸ்' என்று அத்தைகள் சிரித்தது இதே கூடத்தில்தான். போன மாதம் ஒரு வேளை விட்டதற்கே தலை சுற்றி, குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த அத்தைகள் வந்துவிடுவார்கள். அம்மாவிடம் எந்த வாயால் கேட்பது?

அம்மா அப்பாவுக்குத் தேநீர் கொடுத்து வாழ்த்துச் சொன்னாள். அம்மா வழக்கம்போலப் புத்தாண்டுப் பணம் வைக்கும் சிவப்பு உறையை நீட்டினாள். கிட்-யிங் அதைப் பைக்குள் வைக்கப் போனாள்.

"இப்பவே பிரி."

கொடுத்தவர் முன்னால் பிரிக்கக் கூடாது என்று சின்ன வயதில் கையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தவளே அம்மாதான்.

பிரித்தாள். பணம் இல்லை. அவளுடைய மாத்திரை ஒன்று இருந்தது.

"செவப்பு உறையில வந்தா அது மருந்து இல்ல, அதிர்ஷ்டம். அவங்கல்லாம் வர்றதுக்குள்ள போட்டுக்க."

சோபாவிலிருந்த அப்பா தன் உறையை உதறிக் காட்டினார். "எனக்கும் காசு இல்ல."

கிட்-யிங் மாத்திரையை உள்ளங்கையில் கொட்டினாள். "இது எதுக்குன்னு தெரியுமாம்மா?"

"மனசுக்கு. திடீர்னு நிறுத்தினா தலை சுத்துமாம். நீ எழுதின தாள்ல போட்டிருந்துச்சே."

அம்மா சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை விரித்தாள்.

"முள்ளு துப்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் படிச்சுடுவேன்."