வாலை மடக்கித் திரும்பும் மீன்

மாலை வெயில் கூடத்து மீன்தொட்டியில் சாய்ந்து விழுகிறது. முழங்கை நீள மீன் ஒரு முனைக்கு வந்து, திரும்ப இடமில்லாமல் வாலை மடக்கி, விலாவைக் கண்ணாடியில் உரசி மெல்லத் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். விரல் நீளத்தில் வாங்கி வந்து ‘குட்டி’ என்று பெயர் வைத்தது. வளர்வதே தெரியாமல் வருடக்கணக்கில் வளர்ந்துவிட்டது. தொட்டியின் அளவுக்குத்தான் மீன் வளரும் என்று அடித்துச் சொன்ன கணவன் சோபாவில் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

"குட்டிய நீங்களே எடுத்துக்கங்கண்ணே. சும்மாவே தரேன்," என்கிறாள்.

அவள் வீட்டுக்கு வரவழைத்திருந்த வளர்ப்பு மீன் கடைக்காரர் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார். "இதுவா குட்டி? இத வைக்கிற அளவுக்கு என் கடையில தொட்டி ஏதும்மா?"

"அப்ப ஏரியில விட்டுடலாம்," என்கிறான் கணவன், தலை நிமிராமல்.

"அங்க இருக்கிற மீனையெல்லாம் காலி பண்ணிடும் சார். இது இந்தப் பக்கத்து மீனே இல்ல."

"இன்னும் வளருமாண்ணே?"

"இப்பதான பாதி வளர்ந்திருக்கு! நல்லாப் பாத்துக்கிறீங்கம்மா. இன்னும் பல வருஷம் இருக்கும்." பாராட்டாகத்தான் சொல்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார்.

அவள் கையில் தீனியை அள்ளிக்கொண்டு தொட்டியின் மூடியைத் திறக்கிறாள். அந்தச் சத்தத்துக்கே மீன் மேலே வந்து, வட்டமாய் வாயைத் திறக்கிறது.

"கொஞ்சமாப் போடு," என்கிறான் கணவன்.

மீன் வாயை மூடி, மறுபடி திறக்கிறது. அவள் கை தண்ணீருக்கு மேல் அப்படியே நிற்கிறது. உள்ளங்கை வியர்வையில் தீனி உருண்டைகள் கரையத் தொடங்குகின்றன.